முளை அடிக்கிற சத்தம்

“இந்த வாரமும் கேக்கலையா?”

“இல்ல சிஸ்டர்.”

“போன வாரம் இன்னா சொன்ன? பஸ் ஏறி வாலாஜாபாத் போறேன், அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் திரும்புவேன்னு சொன்ன.”

“ஏறினேன் சிஸ்டர். போனேன். அக்கா கொழுக்கட்டை பண்ணி வெச்சிருந்துது. தின்னுட்டு வந்துட்டேன்.”

“கொழுக்கட்டை நல்லா இருந்துதா?”

“இருந்துது.”

“அதையாவது வாயத் திறந்து சொன்னியா?”

இந்திராணி சிரித்துவிட்டாள். கேட்ட நர்ஸ் மங்கையர்க்கரசியும் சிரித்தாள். ஆஸ்பத்திரிப் பின்கட்டு அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“சரி, சிரிச்சது போதும். நாளைக்குக் காலையில உங்க அக்கா உன் பொண்ணக் கூட்டிக்கினு பங்குனி உத்திரத்துக்கு வருது இல்ல? நாளைக்குக் கேட்டுடணும். இது பதினோராவது வியாழக்கிழமை, இந்திராணி. யார்கிட்ட, இன்னா கேக்கப் போற? எங்க எதிர்ல ஒரு தரம் சொல்லு.”

“அக்காகிட்ட… என் கமலாவ…”

அதற்கு மேல் போகாமல் பாயின் கோரையைக் கிள்ளினாள். பக்கத்தில் இருந்த அவள் புருஷன் வேணுகோபால் அவளுக்குப் பதிலாகச் சொல்ல வாயெடுத்தான். மங்கையர்க்கரசி கையைத் தூக்கி அவனை அடக்கிவிட்டாள்.

நேற்று நடந்த இந்தப் பேச்சை நினைத்துக்கொண்டேதான் இந்திராணி விடியற்காலை அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். குடிக்கிற கஞ்சி அல்ல; பட்டுப் பாவுக்குப் போடுகிற கஞ்சி. கை கிளறிக்கொண்டே இருந்தது, காது மட்டும் பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் இருந்தது. வாலாஜாபாத்திலிருந்து வரும் முதல் பஸ் ஆறரைக்கு. இன்னும் ஒன்றரை மணி நேரம். அவளுடைய எட்டு வயதுப் பெண் ஒன்பது மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டு வாசற்படி ஏறப் போகிறாள்! நெஞ்சுக்குள் யாரோ தறி மிதிப்பது போல இருந்தது.

“இந்திரா, அடிக்கட்டுமா?”

வாசலில் வேணுகோபால் முளை அடிக்கிற மரக் கொட்டாப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காலடியில் இரண்டு முளைகள்.

“அடிங்க. அதுக்கு எதுக்கு என்னக் கேக்கணும்?”

“யாரும் வரலைன்னா?”

“நாம ரெண்டு பேரும் நிப்போம்.”

“அறுபதடிப் பாவுக்கு ரெண்டு பேரா?”

“நீங்க அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. நடுவுல ஓடி ஓடிப் புடிக்கிறேன். எனக்கு இப்ப தெம்பு இருக்குது.”

அவன் சிரித்தான். ஆனால் கொட்டாப்புளியைத் தூக்கவில்லை.

அவன் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. சேலையின் நீளத்துக்கு ஓடுகிற பட்டு நூல்களை, மூன்று சேலைக்கு ஆகிற பாவாக, தெருவில் நீட்டி இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்துச் சுற்றினால்தான் தறியில் ஏற்ற முடியும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை. இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று, ஒட்டிய இழையைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தெருவில் இதற்காக யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. முளை அடிக்கிற சத்தம் கேட்டால் பல் விளக்குகிறவர்கூட அப்படியே வந்து நிற்பார். அடுத்த வீட்டோடு சண்டை என்றாலும் பாவுக்கு வந்துவிடுவார்கள். முடிந்ததும் ஒரு வாய் காப்பி. அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட தெருவில், போன ஆடியில், எதிர்வீட்டு மாணிக்கவாசகத்தின் பாவு கஞ்சி ஈரத்தோடு நீண்டு கிடந்தபோது, காலையிலேயே குடித்துவிட்டு வந்த வேணுகோபால் அதன் நடுவில் குறுக்கே விழுந்தான். முளை பிடுங்கிக்கொண்டு, நூல் புழுதியில் புரண்டு, மூன்று கல்யாணச் சேலைக்கான பாவு நாசமாகிப் போயிற்று. மாணிக்கவாசகம் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஐப்பசியில் குடியை விட்ட பிறகு வேணுகோபால் போய் மன்னிப்புக் கேட்டபோதும், கேட்டு முடிக்கும்வரை நின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலில் முளை அடிப்பது இன்றைக்குத்தான்.

சாராயக் கடை திறந்த ஒன்றரை வருஷத்தில் அந்தத் தெருவில் வேணுகோபால் ஒருவன்தான் குடித்தான் என்றில்லை. ஆனால் அவன் குடித்த அதே நாட்களில் உள்ளே இந்திராணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டாவது குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. அழுகை கூட வரவில்லை. சாப்பாடு மண்ணாக இருந்தது. கமலவேணிதான் ஏழு வயதில் தனக்குத் தானே கோணல் வகிடு எடுத்துச் சடை போட்டுக்கொண்டு, உலை வைத்து, சோறு வடித்தாள். வடித்த கஞ்சி ஒருநாள் கையில் கொட்டியது. மறுநாள் தற்செயலாக வந்த இந்திராணியின் அக்கா ரேணுகாம்பாள் அந்தக் கொப்புளத்தைப் பார்த்தாள். பார்த்தவள் உட்காரக்கூட இல்லை. குழந்தையின் நாலு பாவாடையை மூட்டை கட்டிக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் புறப்பட்டுவிட்டாள்.

அவர்கள் பின்னால் எழுந்து தெருமுனை வரை எப்படி நடந்தோம் என்று இந்திராணிக்கு இன்றும் தெரியாது. பஸ்ஸில் ஏறுவதற்கு முன் கமலா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “எப்பமா கூப்பிடுவே?” என்று கேட்டாள். “நீ கேக்காத கண்ணு. நானே கூப்பிடுறேன்” என்று சொன்னாள் இந்திராணி. அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஐந்தாறு தடவை பார்த்தும் ஒருநாளும் அது கேட்கவில்லை.

ஐப்பசியில் வேணுகோபாலை வயிற்று வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, படுத்திருந்தவனைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை அதிக நேரம் பார்த்தவள் மங்கையர்க்கரசி. “உனக்கு இன்னாமா பண்ணுது?” என்று அவள் கேட்ட அன்றுதான் இந்திராணிக்கு அழுகை வந்தது.

“கதவத் திறந்தேதான் வெச்சிருந்தேன் சிஸ்டர். பாவுன்னா கூப்புடாமயே தெரு முழுக்க வராங்க. நான் அத்தினி மாசம் கிடந்தேன், ஒருத்தர் எட்டிப் பாக்கலையே.”

“பாவுக்கு முளை அடிக்கிற சத்தம் இருக்குது. நீ இன்னா சத்தம் குடுத்த?”

டாக்டர் இரண்டு பேருக்கும் மருந்து எழுதினார். மருந்தோடு மங்கையர்க்கரசி வியாழக்கிழமையையும் கொடுத்தாள். இவர்களைப் போலவே குடியிலோ மனச் சோர்விலோ மாட்டிக்கொண்ட அப்பா அம்மாக்கள் ஆறேழு பேர் வருவார்கள். குழந்தைகள் வெளியே வேப்பமரத்தடியில் விளையாடும். தைப் பொங்கல் கழிந்ததிலிருந்து அங்கே ஒரே ஒரு சட்டம்: கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும், இந்த வாரம் யாரிடம் என்ன உதவி கேட்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் கேட்டீர்களா என்று கேள்வி வரும். வாலாஜாபாத் பஸ் கண்டக்டர் ராஜகோபால், “ஒரு வாரம் என்னத் திட்டாம இருன்னு மாமியாகிட்ட கேக்கப் போறேன்” என்றான். அடுத்த வாரம், “கேட்டேன். அப்படிக் கேட்டதுக்கே ஒரு மணி நேரம் திட்டுச்சு” என்றான். வேணுகோபால் கூடக் கேட்கப் பழகிவிட்டான். கூடக் குடித்தவர்களிடம், சாயங்காலத்தில் என் வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்று கேட்டான். இந்திராணி மட்டும் வாராவாரம், “அடுத்த வாரம் சிஸ்டர்.”

“அடிங்க” என்றாள் இப்போது மறுபடியும். “பஸ் வரும்போது தெருவுல நம்ம பாவு நிக்கணும். அது பாக்கணும்.”

டொக். டொக். டொக்.

விடியாத தெருவில் அந்தச் சத்தம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. ஒரு முளை இறங்கியது. அவன் அறுபதடி நடந்து போய் இரண்டாவதை அடித்தான். நிமிர்ந்தான். கதவுகள் சாத்தியபடி இருந்தன. எங்கோ ஒரு பசு கத்தியது. இந்திராணி கஞ்சிச் சட்டியோடு வாசலில் நின்றாள். சூடு கையில் ஏறுவது கூடத் தெரியவில்லை.

எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

மாணிக்கவாசகம் தோளில் துண்டோடு வெளியே வந்தார். வானத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். முளையிடம் வந்து அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஏம்பா, எட்டு மாசம் அடிக்காம விட்டா முளை அடிக்கிறது கூட மறந்துடுமா? சாய்ஞ்சிக்கினு இருக்குது பாரு. நேரா அடி!”

எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு! வேணுகோபால் ஓடி வந்து இன்னும் இரண்டு அடி போட்டான். அதற்குள் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வேப்பங்குச்சியை வாயில் அடக்கிக்கொண்டு ஒருவர், கொண்டையை முடிந்துகொண்டே இரண்டு பெண்கள், தூக்கக் கண்ணோடு மூன்று பேர். மாணிக்கவாசகத்தின் மனைவி நேராக இந்திராணியிடம் வந்து கஞ்சிச் சட்டியை வாங்கி, “கை சிவந்து கிடக்குது, கீழ வைக்க மாட்டே?” என்று கடிந்துகொண்டாள். அரக்குச் சிவப்புப் பாவு சுருளவிழ்ந்து, மூங்கில் கால்களின் மேல் ஏறி, தெரு நீளத்துக்கு ஒரு நிலம் போல விரிந்தது.

“இந்தத் தரமும் வுழறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுப்பா” என்றார் மாணிக்கவாசகம் உரக்க. “நாங்க பாவக் கொஞ்சம் தள்ளிப் புடிக்கிறோம்.”

தலைகள் எல்லாம் வேணுகோபால் பக்கம் திரும்பின.

“வுழ மாட்டேண்ணே” என்றான் வேணுகோபால். “வுழறாப்பல இருந்தா கூப்புடுறேன். வந்து புடிச்சிக்குங்க.”

“கூப்புடு, கூப்புடு. காது கேக்குது எனக்கு.”

தெருவே சிரித்தது. இந்திராணியும் சிரித்தாள். ஆனால் உள்ளே ஒரு முள். எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டார் இவர்! வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்று. எனக்கு ஏன் வாய் வருவதில்லை?

கஞ்சி தெளித்து, தூரிகையால் இழுத்து, இழை பிரிக்கிற நேரத்தில், “வண்டி வந்துடுச்சு போல, ராஜகோபால் விசில் கேக்குது” என்று யாரோ சொன்னார்கள். இந்திராணியின் இரண்டு கையும் பாவில் இருந்தன. விட முடியாது. ஈரப் பாவில் விரல் எடுத்தால் நாலு இழை ஒட்டிக்கொள்ளும். கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தாள்.

அறுபதடிக்கு அந்தப் பக்கம், சிவப்பின் கோடியில், பச்சைப் பாவாடை ஒன்று தெரிந்தது. அது நின்றது. பார்த்தது. பிறகு ஓடி வந்தது. பாவின் ஓரமாக, ஆட்களின் முதுகுக்குப் பின்னால், “ஏ, பாத்து, பாத்து!” என்ற குரல்களுக்கு நடுவில், சடை இரண்டும் துள்ள, ஓடி வந்து இந்திராணியின் இடுப்பில் மோதி நின்றது.

“கண்டக்டர் மாமா சொன்னாரு! உங்க அம்மா பாவுல நிக்குதுன்னு சொன்னாரு! நான் நம்பலை!”

“நின்னுக்கினுதான் இருக்கேன் கண்ணு. கைய எடுக்க முடியலடி, இரு.” அவள் குனிந்து குழந்தையின் உச்சியில் கன்னத்தை வைத்து அழுத்தினாள். அந்த வகிடு நேராக இருந்தது. அக்கா எடுத்த வகிடு.

கமலா மூச்சு வாங்கிக்கொண்டே பாவைப் பார்த்தாள். “அம்மா, இங்க ஒண்ணு அறுந்திருக்குது” என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே அந்த முனையைப் பிடித்து முடிந்தாள்.

பின்னாலேயே ரேணுகாம்பாள் வந்து சேர்ந்தாள். கையில் துணிப்பை, தலையில் கதம்பம். பாவைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மறுகோடியில் நிமிர்ந்து கும்பிட்ட வேணுகோபாலை மேலும் கீழும் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கீங்க” என்றாள். பாராட்டா சந்தேகமா என்று தெரியாத குரல்.

கஞ்சி காய்கிற கால் மணி நேரத்தில் எல்லாரும் அங்கங்கே குந்தினார்கள். இந்திராணி அக்காவை உள்ளே அழைத்துப் போனாள். எதையும் வாயால் சொல்லவில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருந்தாள். மெழுகிய தரை. துலக்கிய பித்தளைத் தவலை. மாடத்தில், மறைக்காமல், இரண்டு மாத்திரைப் புட்டிகள். மூலையில் ஒரு சின்னப் பாய், அதன்மேல் புதுத் தலையணை. ஆணியில் சிவப்பு ரிப்பன், ஒரு கஜம். கமலா ஓடிப்போய் ரிப்பனைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். ‘எனக்கா’ என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பழகிவிட்டதே.

அக்கா இதையெல்லாம் பார்ப்பாள். பார்த்துவிட்டு, ‘சரிம்மா, குழந்தையை விட்டுட்டுப் போறேன்’ என்று அவளே சொல்லிவிடுவாள். ராத்திரி முழுக்க இந்திராணி இப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ரேணுகாம்பாள் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண் கலங்கியது. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்திரா, எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? வீடு வீடா இருக்குது. நீ மனுஷியா இருக்கே. மாப்ளே மொகத்துல தெளிவு. எதனாலன்னு நினைச்சுப் பாத்தேன். குழந்தைய நான் இட்டுக்கினு போனதாலதான். பொறுப்பு இல்ல, தொந்தரவு இல்ல, நீங்க ரெண்டு பேரும் உங்க உடம்ப மனச பாத்துக்கினீங்க. அது அப்படியே இருக்கட்டும்மா. கெடுத்துக்க வேணாம்.”

இந்திராணியின் பார்வை மூலையில் இருந்த சின்னப் பாய்க்குப் போயிற்று.

ரேணுகாம்பாள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். “பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் போயி டி.சி. வாங்கிடலாம். இது வரைக்கும் எங்க ஊர் ஹெட்மாஸ்டர் தெரிஞ்சவருன்னு சும்மா உக்கார வெச்சாரு. இனிமே டி.சி. வேணும்ங்கறாரு. நாளைக்கு உத்திரம், லீவு. இதுல மாப்ளே ஒரு கையெழுத்துப் போட்டா போதும். ஏன், எனக்கும் அது இல்லாம வீட்ல இருக்க முடியல இந்திரா. தலை வாரி வுடறதுக்கு ஒரு தலை இருக்குதேன்னு இருக்குது.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் தணிந்துவிட்டது. கலியாணமாகி இருபது வருஷம் ஆகியும் பிள்ளை இல்லாதவள். இந்திராணிக்கு அக்காவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் காகிதத்தைப் பிடுங்கி அடுப்பில் போட வேண்டும் போலவும் இருந்தது.

தண்ணீர் குடிக்க உள்ளே வந்த வேணுகோபாலிடம் காகிதமும் பேனாவும் நீண்டன. அவன் வாங்கிப் படித்தான். பேனாவைப் பிடித்த விரல்கள் நடுங்கின. ரேணுகாம்பாள் அந்த நடுக்கத்தைக் கவனிப்பதை அவனும் கவனித்தான்.

“விடியலேர்ந்து அவ்ளோ பாவு இழுத்தேன் அக்கா, கை ஆடல. இந்தப் பேப்பரைப் பாத்துதான் ஆடுது.”

அவன் இந்திராணியைப் பார்த்தான். கமலா அவனைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். ரிப்பனுக்குக் கீழே, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வேணுகோபால் பேசிவிடுவான் என்று இந்திராணி எதிர்பார்த்தாள். அவன் பேசவில்லை. ‘நான்தான் கேட்கணும், நீங்க வாயைத் திறக்கக் கூடாது’ என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்ததே அவள்தான். பாவி மனுஷன், எந்தெந்தச் சத்தியத்தையோ காற்றில் விட்டவன், இதைப் போய்க் காப்பாற்றுகிறான்!

“பாவு காஞ்சிடுச்சு! இன்னா உள்ள விருந்தா? வாங்கப்பா, வெயில் வருது!” மாணிக்கவாசகத்தின் குரல் தெருவிலிருந்து வந்தது.

“சுத்திட்டு வந்து பாத்துக்கலாம் அக்கா” என்று வேணுகோபால் காகிதத்தை மாடத்தில், மாத்திரைப் புட்டிக்கு அடியில் வைத்துவிட்டு ஓடினான்.

வெளியே வெயில் முதல் கோடு போட்டிருந்தது. சிவப்புப் பாவு அதில் தகதகவென்று எழுந்தது. எல்லாரும் அவரவர் இடத்தில் பிடித்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. பஸ்ஸுக்குப் போக வேண்டியவரோ, பால் கறக்கப் போனவரோ, நடுவில் ஒரு மூங்கில் கழியைப் பிடிக்க ஆளில்லாமல் ஓர் இடம் காலி.

“இன்னாமா வேடிக்கை? வாலாஜாபாத்துலேர்ந்து வந்தா கை இல்லையா? புடி அந்தக் கழிய” என்று மாணிக்கவாசகம் ரேணுகாம்பாளை அதட்டினார். அவளும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்தானே, பையை வாசற்படியில் எறிந்துவிட்டுக் கழியைப் பிடித்தாள். கமலா அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அவள் தலை பாவின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தெரிந்தது.

“வேணு, அந்தக் கோடி முளையைப் புடுங்கு. சுத்திடலாம்.”

வேணுகோபால் குனிந்தான். முளையில் கை வைத்தான். அவ்வளவுதான், இன்னும் ஒரு நிமிஷத்தில் பாவு சுருண்டுவிடும், ஆளாளுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள், பத்து மணி ஆகிவிடும். எல்லாவற்றையும் பரப்பி வைத்தேனே, தரையை, தவலையை, பாயை, ரிப்பனை! இதைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று மறுபடியும் சுவரோரம் கிடந்த மாதிரியேதானே இருந்துவிட்டேன்! அக்கா மேல் என்ன தப்பு? நான் என்ன சத்தம் கொடுத்தேன்?

“நில்லுங்க!” என்றாள் இந்திராணி.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. தெருவின் மறுகோடி வரை போயிற்று. வேணுகோபால் முளையிலிருந்து கையை எடுத்தான்.

“இன்னாமா, இழை அறுந்துடுச்சா?” என்றார் மாணிக்கவாசகம்.

“இல்லண்ணே. ஒரு நிமிஷம் எல்லாரும் அப்படியே புடிச்சிக்குங்க. நான் ஒண்ணு கேக்கணும். இப்ப விட்டா அப்புறம் கேக்க மாட்டேன்.”

பன்னிரண்டு ஜோடிக் கைகள் பாவில் நின்றன. ஒருவரும் நகர முடியாது. ரேணுகாம்பாள் கழியைப் பிடித்தபடி தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். கமலா பார்க்கவில்லை. சிவப்பு இழைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்திராணி பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயமாக இருந்தது. ஆனால் இது சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாளின் பயம் இல்லை. ஊஞ்சல் மேலே போகும்போது வருமே, அந்தப் பயம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவள் இரண்டையும் தடுக்கவில்லை.

“அக்கா, நீ இல்லன்னா என் பொண்ணு கையில இன்னும் எத்தினி கொப்புளம் இருந்திருக்குமோ. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனா டி.சி. வாங்க வேணாம். எனக்கு முழுக்க சரியாயிடுச்சுன்னு நான் சொல்லல. சில நாள் காலையில எழுந்திருக்க மலை ஏறுறாப்பல இருக்குது. அவருக்கும் சில சாயங்காலம் கஷ்டமாத்தான் இருக்குது. அந்த மாதிரி நாள் வந்தா ராஜகோபால் அண்ணன்கிட்ட சொல்லி அனுப்புறேன், நீ அடுத்த பஸ்ல வரணும். தலை வாரி வுடணும். மாணிக்கண்ணே, எதிர்வீட்டுக் கதவ நான் தட்டுவேன், நீங்க திறக்கணும். முளை அடிச்சாத்தான் வருவேன்னு இருக்காதீங்க. இதெல்லாம் எனக்கு வேணும். இதெல்லாம் இருந்தா என்னால முடியும். என் பொண்ண என்கிட்ட குடுத்துடு அக்கா. கமலா… கண்ணு, அம்மா கூப்பிடுறேன். வீட்டுக்கு வந்துடு.”